செப்புத்தகட்டில் இரண்டு பெயர்

நான்காம் வகுப்பில் ஆளுக்கொரு பழங்காலத்து மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். தோழிகளுக்கு அரசியும் கடலோடியும் கிடைத்தார்கள். எனக்கு வாய்த்தவர், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றில் செப்புத்தகட்டில் சித்திரம் வெட்டியவர். வாளும் இல்லை, குதிரையும் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் முகங்கள் சரியாக இல்லை. ஜெர்மனியில் நாங்கள் இருந்த பீலெஃபெல்ட் நகரில் அப்பாவும் அம்மாவும் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று திறக்க இருந்தார்கள். விற்கப்போகிற ரோல்ஸும் கொத்துரொட்டியும் அம்மாவின் கைப்பக்குவம். பெயர்ப்பலகைக்காரர் அனுப்பிய மாதிரிப் படத்திலோ அப்பாவின் பெயர் மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை. அம்மாவுக்குச் சிவப்பு பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை மியூன்ஸ்டர் நகரில் அந்தச் சித்திரக்காரரின் படங்கள் இருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வேலை செய்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினார். என் மனிதர் பொற்கொல்லரும்கூட. கூரிய உளியால் தகட்டில் கோடு கோடாகக் கீறி, கீறலுக்குள் மை நிரப்பி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்துவாராம். தாளில் இடம் வலமாக விழுவதால், எழுத்துகளையும் அப்படியே மாற்றி வெட்ட வேண்டும். மற்றவர்களின் படங்களைப் பார்த்து வெட்டி விற்றதும் நிறைய உண்டாம். பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கித் தரும் காரியம் என்பதால், அதோடு அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அம்மா ஒரு சின்னப் படத்தின் முன் நின்றுவிட்டார். அந்தச் சித்திரக்காரரும் மனைவியும், சிரிக்காமல், படம் பிடிக்கக் காத்திருப்பவர்கள்போல இருந்தார்கள்.

“கீழ என்ன எழுதியிருக்கு, பிள்ளை?”

“அவற்ர பேரும் மனுசியின்ர பேரும், அம்மா.”

அம்மா படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “மனுசியின்ர பேரையும் சேத்து வெட்டியிருக்கிறார். நல்ல மனுசன்.”

அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு விளக்கிய பெண்ணிடம் போய், மனைவியும் பட்டறையில் வேலை செய்தாரா என்று தன்னுடைய டொச் மொழியில் கேட்டார். உறுதியாகத் தெரியாது, ஆனால் அந்தக் காலத்துப் பட்டறைகளில் வியாபாரத்தைப் பெண்களும் பார்த்ததுண்டு என்றார் அவர். அப்பா திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் படத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் அடிக்க நிறுத்தியபோது அப்பா கேட்டார்.

“இஞ்சரும், உம்மட பேரை முழுசாப் போடுறதோ, வீட்டில கூப்பிடுற பேரைப் போடுறதோ?”

அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றி அப்பாவிடம் நீட்டினார்.

“முழுசாப் போடுங்கோ.”

வகுப்பில் நன்றாகவே பேசினேன். எங்கள் வீட்டில் இந்தக் கலைஞர்மேல் மிகவும் மதிப்பு வைத்திருப்பவர் என் அம்மா என்று சொல்லி முடித்தேன். ரீச்சருக்குப் பெரிய சந்தோசம்.

கடை திறந்த அன்று பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. அம்மா பட்டுச்சேலையோடு வீதியில் நின்று நெடுநேரம் அதை அண்ணாந்து பார்த்தார். இரண்டு பெயரையும் நுழைக்கப் போய் எழுத்துகளைச் சின்னதாக்கிவிட்டார்களே, தூரத்தில் வருகிறவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.