மீனாவின் பென் டிரைவில் என் வணக்கம்

போன வியாழக்கிழமை காலை பேனா தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். பென் டிரைவ் வந்தது. என்னுடைய பென் டிரைவ்!

உங்களுடையது உங்கள் பையில் இருந்தால் என்ன தப்பு என்கிறீர்களா? அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மேஜையில் கிடந்த, இதே கறுப்பு நிறப் பென் டிரைவை என்னுடையது என்று எடுத்து, அதன்மேல் என் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி, திரும்ப மேஜையிலேயே வைத்தேன். அப்படியானால் அது யாருடையது?

மீனா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மீனா என் மனைவி. அரியலூர் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அன்று பதினோரு மணிக்குப் பள்ளியில் கண்காட்சி. அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருஷமாக ஓடை ஓடையாகப் பொறுக்கிய கல்லான சிப்பி, நத்தை... ஒவ்வொன்றுக்கும் போட்டோ, எடுத்த பிள்ளையின் பெயர், கிடைத்த இடம். போனில் இடமில்லை என்று அங்கே அழித்துவிட்டு, எல்லாவற்றையும் பென் டிரைவில் வைத்திருந்தாள். இன்னொரு காப்பி எடுத்து வை என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். சொல்லவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எழுந்து மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற சாஃப்ட்வேர். எட்டு மாதமாகச் சொந்தமாக ஒன்று எழுதுகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். மீனாவே கேட்டு ஓய்ந்துவிட்டாள். என்னுடையது மேய்க்கிற நிலைக்கெல்லாம் வரவில்லை. திரையில் ‘வணக்கம்’ என்று காட்டும். ஐந்து எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். அதுவும் என் லேப்டாப்புக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டரில்தான் காட்டும். நிஜ மெஷினில் செருகினால் ரீஸ்டார்ட்... ரீஸ்டார்ட்... ரீஸ்டார்ட்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் அவள் போன் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன்.

குன்னம் தாண்டியதும் முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. முந்த வழியில்லை. அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன்? மீனா முகத்தில்? லாரிக்காரரிடம் நியாயமில்லாமல் கோபம் வந்தது. அவர் பாவம், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பள்ளி ஹாலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டம். பென் டிரைவைச் செருகிவிட்டு ஆன் செய்திருக்கிறார்கள்.

“வாங்க சார்,” என்றார் தலைமையாசிரியை. “வைரஸ் வந்துடுச்சு போலருக்கு. ஆனா மரியாதை தெரிஞ்ச வைரஸ் சார்... வணக்கம்லாம் சொல்லுது.”

திரையில் என் ஐந்து எழுத்து. நிஜ மெஷினில். முதன்முறையாக!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: “எவ்வளவு நேரமா ஓடுது? நடுவுல ரீஸ்டார்ட் ஆகலையே?”

மீனா திரும்பினாள். “அப்ப இது உங்க வேலையா?”

என் பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“புள்ளைங்க போட்டோல்லாம் எங்கங்க?”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

லேப்டாப்பைத் திறந்து அவள் பென் டிரைவைச் செருகினேன். உள்ளே சரக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்ற குறிப்பு பென் டிரைவின் ஆரம்பத்திலேயே இருக்கும். அதன்மேல்தான் நான் எழுதித் தொலைத்திருந்தேன். ஆனால் அதையடுத்துக் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும், அப்புறம்தான் ஃபைல்கள். என் சிஸ்டம் அந்தக் காலி இடத்தைத் தாண்டியிருந்தால் தீர்ந்தது.

தொலைந்த ஃபைல்களைத் தேடும் சாஃப்ட்வேர் ஊர்ந்தது. தோளுக்குப் பின்னால் மீனாவின் மூச்சு. மணி பத்தே முக்கால்.

முதல் சிப்பி வந்தது. பிறகு நத்தை. பிறகு எல்லாமே வரிசையாக, பிள்ளைகளின் பெயரோடு.

தாண்டவில்லை! எட்டு மாத உழைப்பு, அந்தத் துக்கடா இடத்தில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை.

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருந்தீங்கன்னா?”

“எல்லாம் போயிருக்கும்.”

“அப்ப இதுவே போதுங்க. இதுக்கு மேல வளர வேணாம்.”

சாயங்காலம் சிவப்பு நிறத்தில் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தாள். எனக்குத்தான் — கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறோடு.