பெட்டிக்குள் போகாத பன்னிரண்டாயிரம்

பொம்மைப் பெட்டியை ஒட்டுவதற்கு முன் அதற்குள் ஒரு இலவசப் படக்கதைப் புத்தகத்தைப் போட வேண்டும். அந்தப் பொம்மைக் கம்பெனியின் கோடவுனில் பதினாறு வருஷமாக அதுதான் அவளுடைய வேலை. கோடவுனில் எல்லோருக்கும் அவள் பேக்கிங் அக்கா. சும்மா கொடுக்கிற புத்தகம்தானே என்று கம்பெனியில் ஒருத்தரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. இவள் மட்டும் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் விடாமல் படிப்பாள். படித்தும் பதினோராம் பக்கம் கண்ணில் உறைக்கவில்லையே என்றுதான் இப்போது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம்.

பதினோராம் பக்கத்தில் இடிமுகன் என்கிற வீரன், தன் வாளுக்குச் சக்தி ஏற்ற இரண்டு கம்பிகளைச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகுகிறான். அடுத்த படத்தில் வாள் ஜொலிக்கிறது. போன வாரம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதேபோலச் செய்து பார்த்து, கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த வீட்டில் இடிமுகன் பொம்மையே கிடையாது. வாங்கியதும் இல்லை. பிறகு புத்தகம் எப்படி வந்தது என்று விசாரிக்கத்தான் பதினோரு மணிக்கு அரசாங்க அதிகாரி வருகிறார்.

கம்பெனி பதிலைத் தயாராக வைத்திருந்தது. அச்சடித்தது இருபதாயிரம். பொம்மை சரியாக விற்காததால் பெட்டியில் போனது எட்டாயிரம்; அதை விற்ற கடைகளுக்கெல்லாம் புத்தகத்தைத் திருப்பி வாங்கச் சொல்லிக் கடிதம் போயாகிவிட்டது. மீதிப் பன்னிரண்டாயிரம் பழைய பேப்பருக்குப் போய்க் கூழாகிவிட்டது. அந்தச் சிறுமியின் கையில் இருந்தது எவனோ திருட்டுத்தனமாக அடித்த புத்தகம். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

கூழாகவில்லை. பழைய பேப்பருக்குப் போடு என்று மேனேஜர் சொன்னது வாஸ்தவம். இவளுக்கு மனசு வரவில்லை. பளபளவென்று புது மை வாசனையோடு கிடக்கிறது, எந்தக் குழந்தையாவது படிக்கட்டுமே என்று தினமும் பையில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனாள். முடிவெட்டும் கடை, பஸ் நிலையம், தையல் கடை, டாக்டர்களின் வெயிட்டிங் ரூம் என்று ஒரு இடம் விடவில்லை. வெளியூர் போகும் லாரிக்காரர்களிடமும் கட்டுக்கட்டாகக் கொடுத்தாள். எட்டே மாதத்தில் கோடவுனில் அவை கிடந்த மூலை காலியாகிவிட்டது. கம்பெனியின் விற்பனைப் பிரிவு முழுசாகச் சேர்ந்தும் அந்தப் பொம்மையை இத்தனை தூரம் கொண்டுபோனதில்லை.

அன்று காலையில் வீட்டில் தங்கையிடம் சொன்னாள்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காத," என்றாள் தங்கை. "பிடிச்சா உன்னைத்தான் பிடிப்பாங்க. நாம ரெண்டு பேரும் தெருவிலதான் நிக்கணும்."

"இன்னொரு புள்ள கம்பியை எடுத்தா?"

தங்கை டிபன் டப்பாவை மூடிக் கையில் கொடுத்தாள்.

பத்தரை மணிக்கு மேனேஜரின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் செத்துப்போனது.

"எத்தனை வெளிய போச்சு?"

"எல்லாமே சார்."

எழுந்து கதவைச் சாத்தினார். "இங்க பாரு. இது வெளிய தெரிஞ்சா வேலை போறதோட நிக்காது. சொன்னதைச் செய்யாம சரக்கை வெளிய கொண்டுபோனதா கேஸ் உன் மேலதான் வரும். நானே கையெழுத்துப் போடுவேன். பேப்பர்காரன் வந்தான், எடுத்துட்டுப் போனான். அவ்வளவுதான். புரியுதா?"

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். எங்கெங்கே கொடுத்தாய் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிகாரி வந்தார். சாதுவான ஆள். ஃபைலைப் புரட்டினார், மேனேஜர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

"மீதிப் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டது நீங்கதானாம்மா?"

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்குப் போய்விடலாம். பன்னிரண்டாயிரம் புத்தகம், ஒவ்வொன்றிலும் ஒரு பதினோராம் பக்கம்.

"போடலை சார்," என்றாள். "எல்லாத்தையும் ஊர் பூரா நான்தான் கொடுத்தேன். எங்கெங்கேன்னு சொல்றேன், எழுதிக்குங்க."

"உளறாத," என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு. "சார், இந்தம்மாவுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல."

அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டுப் புதுத்தாளை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டர். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. ஸ்டேஷன் எதிரே முடிவெட்டும் கடை.

"அப்புறம் கண்ணாடிக் கடைக்கு மேல இருக்கிற பல் டாக்டர். அங்க நாலு தடவை வெச்சேன்."

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எந்தப் பல் டாக்டர்? படி வெளிப்பக்கமா இருக்குமே, அதுவா?"

"ஆமா சார்."

அவர் போனை எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அழுத்தினார். மூன்றாவது தடவைதான் அவர் மனைவி எடுத்தார்.

"பாப்பா எங்க? ரூம்லயா? தனியாவா? ஐயோ, கேள்வி கேக்காத, ஓடு. போய்ப் பாரு முதல்ல."

போனுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. அப்புறம் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்குகிற சத்தம்.

"பல் டாக்டர்கிட்ட இருந்து ஏதாவது புத்தகம் எடுத்துட்டு வந்தாளா, கேளு." காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றார். "தலையணைக்கு அடியிலயா? சரி. அதைக் கிழிச்சுப் போடு. நான் வர்ற வரைக்கும் அவளை விட்டு நகராத."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு, தொப்பென்று உட்கார்ந்தார். பேக்கிங் அக்காவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. அதிகாரியின் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மிச்ச இடத்தையும் சொல்லு. ஒண்ணுகூட விட்டுடாத."

இன்னும் நாற்பது இடங்களுக்கு மேல் இருந்தன. அங்கே எந்த வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. லாரிக்காரர்கள் எந்தெந்த ஊரில் போட்டார்கள் என்றும் தெரியாது. தெரிந்ததை அவள் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.