வலப்பக்கம் திரும்பத் தெரியாத சென்டர் ஃபார்வர்ட்

1. நேர்முகத் தேர்வு

எனக்கு வேலை கொடுத்தவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. முதல் நாள் ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும், சீஃப் கிளார்க் குலசிங்கம் மேசைக்கு மேலாக எட்டி என் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழற்றும், பாப்பம்."

கழற்றினேன்.

"நல்ல கால்" என்றார். தேர்வு முடிந்தது. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்திருந்தார். அது பையை விட்டு வெளியே வரவேயில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் ஈப்போவில் கம்பெனிகளுக்கு இடையே கால்பந்து லீக் நடக்கும். லகாட் பக்கத்தில் இருந்த எங்கள் ஈயச் சுரங்கக் கம்பெனி, ரப்பர் தோட்டங்களில் நன்றாகப் பந்தாடும் பையன்களைப் பிடித்து வந்து, பட்டறையில் ஃபிட்டருக்கு உதவியாள் என்று பதிந்துகொள்ளும். யாழ்ப்பாணக் குடும்பத்தவரான குலசிங்கம்தான் டீம் மேனேஜரும். சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கோல் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

எனக்கு வேண்டியது ஒரு வீடு. எங்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்யும்படி அம்மாவுக்கும் தங்கைக்கும் சொல்லியாகிவிட்டது. கம்பெனியில் வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் உண்டு.

"கன்ஃபர்ம் ஆன அன்றைக்கே சாவி தருவன்" என்றார் குலசிங்கம். "நீர் கோலை அடியும்."

நான் கோலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தேன். ஒருமுறை லைன்ஸ்மேனையும்.

2. வியாதி

தோட்டத்தில் சிங்கமாக இருந்தவன் ஈப்போவில் ஏன் பூனையானேன் என்பது யாருக்கும் புரியவில்லை. பூட்ஸ் பழக்கமில்லை என்றார் ஒருவர். சாப்பாடு போதவில்லை என்றார் இன்னொருவர். இரண்டு வாரம் முட்டை கொடுத்தார்கள். முட்டையை மட்டும் நான் கோட்டை விடவில்லை.

கண்டுபிடித்தவன் எங்கள் கோல்கீப்பர், வெல்டர் முனியாண்டி.

"மச்சான், நீ பந்து வாங்குனா இடப்பக்கம் மட்டும்தான் திரும்புற. எதிர் டீம்ல தடுக்கிற பேக் அங்க முன்கூட்டியே போயி நிக்கிறான் லா. பாய் விரிச்சுப் படுக்காததுதான் பாக்கி."

யோசித்துப் பார்த்தேன். பதினைந்து வயதிலிருந்து அம்மாவோடு ரப்பர் பால் வெட்டியவன் நான். பால்மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும். கத்தியை இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றும்போது உடம்பு இடப்பக்கமாகவே திரும்பும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம். தோட்டத்து டீமில் எல்லோரும் பால்வெட்டு ஆட்கள். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டமே செக்கு சுற்றுவது போல நடந்திருக்கும் போல.

இதைக் குலசிங்கத்திடம் சொன்னேன். "மரத்தில பழி போடாதையும்" என்றார். "சீசன் முடியிறதுக்குள்ள கோல் வரவேணும். இல்லையெண்டா நீர் தோட்டத்துக்கே போகலாம்."

தோட்டம் இருந்தால்தானே போக.

வலப்பக்கம் சுற்றிப் பழக எனக்குத் தெரிந்த ஒரே இடம் கோயில். பட்டறைக்குப் பின்னால் அரசமரத்தடியில் தொழிலாளர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் இருந்தது. வேலை முடிந்ததும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பிள்ளையாரை வலம் வருவேன். அவர் பொறுமையாக நடுவில் உட்கார்ந்து கொடுத்தார். பூசாரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"டேய், சாமியச் சுத்துறியா, பந்தச் சுத்துறியா?"

"சாமியத்தான் பூசாரியய்யா. பந்து தொணைக்கு வருது."

"பூட்ஸக் கழட்டிட்டுச் சுத்துடா!"

கழற்றிவிட்டுச் சுற்றினேன்.

பட்டறையில் வேறொரு பாடம் கிடைக்கவிருந்தது. ஃபோர்மேன் ஆ செங் ஒருநாள், "லு மாரி, நீ இங்க வா, டிரில்லிங் மெசின் பிடிச்சுப் பாரு லா. சும்மா கூட்டிப் பெருக்குனா என்னா வரும்?" என்று கூப்பிட்டார். ஆசையோடு போனேன். ஒரு மணி நேரத்தில் குலசிங்கம் ஓடி வந்தார்.

"அவனை மெசினிலை விடாதையும்! விரல் போனால் ஆர் விளையாடுறது?"

"சார், பந்தக் காலாலதானே உதைக்கிறேன்?"

பட்டறையே சிரித்தது. குலசிங்கம் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பம் மட்டும்தான் எனக்கு.

3. கோல்

சீசனின் கடைசி ஆட்டம். காலையிலிருந்து மழை. திடல் கோப்பெங் பக்கத்து ஈயக் குட்டை மாதிரி இருந்தது. எதிர் டீம் பேக், தடித்த சீனப் பையன், வழக்கம்போல என் இடப்பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். முனியாண்டி உதைத்த பந்து நேராக என் நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. பின்னாலிருந்து, "பிள்ளையாரு மச்சான், பிள்ளையாரு!" என்று கத்தினான்.

இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பினேன். அந்தப் பையன் இல்லாத ஆளைத் தடுத்துக்கொண்டு நின்றான். என் எதிரே கோல்கீப்பரும் வலையும் மட்டும். வலது காலால் அடித்தேன். பந்து வலைக்குள் போனதைப் பார்த்தேன்.

என் உடம்பு முழுக்கத் திரும்பியிருந்தது. சேற்றில் ஊன்றிய இடது கால் மட்டும் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. எல்லோரும் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள். வலியில் நான் கத்தியதைச் சந்தோஷம் என்று நினைத்து, முனியாண்டியும் சேர்ந்து கத்தினான்.

ஆஸ்பத்திரிக்குக் குலசிங்கம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"அருமையான கோல் தம்பி. ஜெனரல் மேனேஜரே கை தட்டினவர்."

"அப்ப கன்ஃபர்ம், சார்?"

அவர் ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "டொக்டர் இனி விளையாட ஏலாது எண்டு சொல்லுறார். அடுத்த சீசனுக்குக் கோப்பெங்கில ஒரு பெடியன் இருக்கிறான். அந்த இடத்துக்கு ஆளை எடுக்கவேணும் பாரும்."

"நான் பட்டறையில வேல செய்றேனே, சார்."

"என்ன வேலை தெரியும் உமக்கு?"

அவர் உரித்த பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல இனிப்புப் பழம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

4. பிறகு

அம்மாவும் தங்கையும் லயத்தைக் காலி செய்து, ஈப்போ ரயில் பாதையோரப் புறம்போக்குக் குடிசை ஒன்றில் வந்து சேர்ந்தார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். வெயில் அடித்தால் தகரம் காயும். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கூரையைத்தான் திட்டுவார், எனக்குக் கேட்கும்படியாக. நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கப் போனேன். பிறகு அங்கேயே மெக்கானிக் வேலை பழகி, நொண்டிக்கொண்டே ஓய்வும் பெற்றேன்.

அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கோபம் இருக்கிறது. தனக்கு வேண்டியதை அவர் முதல் நாளே செருப்பைக் கழற்றச் சொல்லிக் காட்டிவிட்டார். காலுக்கு மட்டுமல்ல, மீதி ஆளுக்கும் சேர்த்துத்தான் வேலை கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு விளையாட்டை வைத்து வேலைக்குப் போகிற பிள்ளைகளே, முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "ஆட முடியாமல் போனால் எனக்கு இங்கே என்ன வேலை?" கேட்டால் வேலை கிடைக்காமல் போகலாம். நான் கேட்காமலே என் வேலை போயிற்று.