ஏழாவது பேட்ச்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நேரங்களையெல்லாம் அன்றே குறித்து வைத்துக்கொண்டதால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

அன்று இரவு நான்காவது மாடியில் இருந்தவர்கள்:

அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் டீம் லீடர், ஆபீசில் எல்லோருக்கும் அக்கா. கார்டைத் தேய்த்து உள்ளே வந்தது மாலை 6:02.

கண்ணாடி. சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். 6:40.

நான். 8:55.

மூன்று பேர், அவ்வளவுதான். கீழே வாசலில் காவலாளி அண்ணன் இருந்தார். அவர் மாடிக் கணக்கில் வரமாட்டார்.

எங்கள் வேலை இதுதான். ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எத்தனை நிமிடத்தில் வெளியேறுவார்கள் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுப்போம். ஆட்களெல்லாம் திரையில் புள்ளிகள். மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் எங்கள் தேவைக்காக ஏழு சின்னத் திருத்தங்கள் செய்து வைத்திருந்தோம். அவற்றைத்தான் பேட்ச் என்போம்.

அன்று சாயங்காலம் கண்ணாடி யாரையும் கேட்காமல் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேட் செய்துவிட்டான். ஏழு மணிக்கு மென்பொருள் மூச்சு விடவில்லை. அதற்கு வேண்டிய பழைய லைப்ரரிகள், அதாவது துணை நிரல்கள், பாதி காணாமல் போயிருந்தன. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு மருத்துவமனையின் அறிக்கை போயாக வேண்டும்.

அக்கா அவனிடம் சுற்றி வளைக்கவில்லை.

"எட்டு மணிக்கு அறிக்கை போகலன்னா ஒன்பது மணிக்கு உனக்கு வேலை இல்ல. மேல சொல்லிட்டாங்க. என்னால தடுக்க முடியாது."

கண்ணாடிக்கு இரண்டாவது பெண் பிறந்து அன்றோடு பத்தொன்பது நாள். அவன் எனக்குப் போன் செய்து, "மச்சி, வந்து காப்பாத்துடா" என்றான். எனக்கு அன்று லீவு. போனேன்.

புதிதாக மூலநிரலை இறக்கி, முதலிலிருந்து கம்பைல் செய்து மென்பொருளைக் கட்டத் தொடங்கினோம். ஒரு பிழையை அடைத்தால் பக்கத்தில் இரண்டு முளைத்தது. புது கம்பைலர், பழைய நிரலைக் கண்டாலே முகம் சுளித்தது. 11:20க்கு ஒருவழியாக பேட்ச் போடும் கட்டத்துக்கு வந்தோம். ஆறு பேட்ச் சிக்கலில்லாமல் ஒட்டிக்கொண்டது. ஏழாவது ஒட்டவில்லை. புதுப் பதிப்பில் அது ஒட்ட வேண்டிய இடமே மாறியிருந்தது.

திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி. ஒரு குறிப்பிட்ட கார்டு எண்ணை எண்ணாமல் தாண்டிப் போகச் சொல்லும் வரி. எழுதியவர் பெயர் இல்லை. எதற்கென்று விளக்கம் இல்லை. பக்கத்தில் இரண்டே வார்த்தைகள்: 'எடுக்க வேண்டாம்.'

"இது எதுக்குடா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? அது இல்லாம கம்பைல் ஆகுதா பாரு."

ஆனது.

"அப்ப விடு. செத்தவன் எழுதின உயில் மாதிரி முறைச்சுப் பாத்துட்டு நிக்காத."

விட்டுவிட்டேன். 11:35க்கு, அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்காகக் காத்திருந்த அக்கா மீட்டிங் ரூமில் படுக்கப் போனார். போகும்போது கேட்டார்.

"ஏழு பேட்சும் போட்டுட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"ஏழும்?"

"ஏழும்."

கூசாமல் சொன்னேன்.

12:40. கம்பைல் முடிந்தது. புதிதாகக் கட்டிய மென்பொருளை நம்பலாமா என்று பார்க்க எங்களிடம் ஒரு சோதனை உண்டு. வாசல் கார்டு பதிவை அது படிக்கும். உள்ளே வந்து இன்னும் வெளியே போகாதவர்களை அவரவர் மேசையில் புள்ளியாக வைக்கும். மேசை இல்லாதவரை, அவர் கார்டு கடைசியாகத் திறந்த கதவுக்குள் வைக்கும். பிறகு எல்லோரையும் படி வழியாக வெளியேற்றும். எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்ற சரியான விடையை ஒரு கோப்பில் நாங்களே எழுதி வைக்க வேண்டும். அன்று எழுதியது: உள்ளே 3, வெளியே 3. இரண்டும் ஒத்துப்போனால்தான் மருத்துவமனைக் கணக்கு ஓடத் தொடங்கும்.

திரையில் வந்தது: உள்ளே 4, வெளியே 3.

"பாரு, உனக்கு எண்ணக்கூட வரல," என்றான் கண்ணாடி.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் கம்பைல் செய்தேன். 1:25. உள்ளே 4, வெளியே 3.

படத்தை வரையச் சொன்னேன். உள்ளே வந்த வரிசைப்படி புள்ளிகளுக்கு எண் விழும். அக்கா 1. கண்ணாடி 2. நான் 3. நாலாவது புள்ளி சர்வர் ரூமுக்குள் இருந்தது. அதன் எண் 0.

எங்கள் எல்லோருக்கும் முன்பே உள்ளே வந்தவர்.

இருவரும் போய்ப் பார்த்தோம். வராந்தாவின் இடது கோடியில் சர்வர் ரூம். தானாகச் சாத்திக்கொள்ளும் கனமான கதவு. அதில் முக உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம். திறந்தோம். யாருமில்லை. மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும். திரும்பும்போதுதான் கவனித்தேன். அந்தச் சட்டத்தின் உள்பக்கத்தில், ஒரு கை அகலத்துக்கு, ஆவி படிந்திருந்தது. யாரோ அருகில் நின்று மூச்சு விட்டது போல.

"ஏசி கோளாறு," என்றான்.

நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

1:58. மறுபடி ஓட்டினேன். ஒரே கார்டு பதிவைக் கொடுத்தால் ஆயிரம் முறை ஓட்டினாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் தொடங்க வேண்டும். நாங்கள் மூவரும் அதே இடத்தில் தொடங்கினோம். 0 மட்டும் சர்வர் ரூமுக்கு வெளியே, வராந்தாவில் தொடங்கியது.

2:17. தண்ணீர் மெஷின் அருகே.

2:31. எங்கள் அறை வாசலில்.

வராந்தா விளக்குகள் ஆள் நடமாடினால் மட்டும் எரியும் வகை. 2:33க்குக் கோடியில் ஒன்று எரிந்தது. பிறகு அடுத்தது… பிறகு அடுத்தது… எங்கள் வாசல் வரை வந்தது.

வாசலில் யாரும் இல்லை.

நாற்பது நொடி கழித்து எல்லாம் ஒன்றாக அணைந்தன.

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். 

"மச்சி… இதைத் தோண்டிட்டு இருந்தா விடிஞ்சிடும். மருத்துவமனைக் கணக்கு ஓடவே நாலு மணி நேரம் ஆகும்."

"அதுக்கு?"

"விடையை மாத்திடு. உள்ள நாலு, வெளிய மூணு. அதுதான் சரின்னு எழுதி வை."

எங்கள் தொழிலில் இது எல்லோரும் செய்யும் அயோக்கியத்தனம். சோதனை தோற்றால் நிரலைத் திருத்துவதை விட்டுவிட்டு, சரியான விடையைத் திருத்திவிடுவது. நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

3:12. செய்தேன். மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. இந்த முடிவை இனி சரியென ஏற்கிறாயா?

ஏற்கிறேன் என்று தட்டினேன்.

பச்சை. பாஸ். மருத்துவமனைக் கணக்கு ஓடத் தொடங்கியது.

கண்ணாடி என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டான். "என் பொண்ணுக்கு உன் பேரை வச்சிருப்பேன். பொண்ணாப் போச்சு."

3:20க்கு எழுந்தான். பேக்கப் டிஸ்க்கைக் கழற்ற சர்வர் ரூமுக்குப் போக வேண்டும் என்றான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.  என்ன காரணம் சொல்வது?

3:23. சும்மா இருக்க முடியாமல், நான் ஏற்றுக்கொண்ட அந்த ஓட்டத்தின் படத்தைத் திறந்தேன். அதுவரை எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தேன். உள்ளே நிற்பது 0 என்றே நினைத்திருந்தேன்.

படத்தில் தீ மணி அடித்ததும் 1 வலப்பக்கம் திரும்பிப் படிக்குப் போனது.

3 அதன் பின்னால் போனது.

0 அதன் பின்னால் போனது. வெளியேறியது.

2 மட்டும்… இடப்பக்கம் திரும்பியது.

சர்வர் ரூமுக்குள் போனது.

நின்றது.

ஓடினேன்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கார்டுக்குக் கதவு சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. எழுந்து ஓடிவந்த அக்காவின் கார்டுக்கும் அதே. நடுவில், 3:26க்கு, ஓடிப்போய் விடையைப் பழையபடி மூன்றுக்கு மூன்று என்று மாற்றி ஓட்டினேன். உள்ளே 4, வெளியே 3. மறுபடியும். உள்ளே 4, வெளியே 3. கதவின் கண்ணாடிச் சட்டத்தில், உள்பக்கம், ஆவி படிந்து மறைந்தது. படிந்து மறைந்தது. 3:51க்குப் பிறகு படியவில்லை.

கதவை உடைத்தது 4:40க்கு. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முப்பத்தொரு வயது.

3:27க்குக் காவலாளி அண்ணன் மாடிக்குப் போன் செய்திருக்கிறார். எடுக்க ஆளில்லை. காலையில்தான் சொன்னார்.

"யாரோ ஒருத்தர் கார்டைத் தேய்ச்சுட்டு வெளிய போனாரு தம்பி. இங்க பாத்த முகமில்ல. 'வரேண்ணே, ரொம்ப லேட்டாயிடுச்சு'ன்னாரு. உங்க ஆளுன்னு விட்டுட்டேன்."

பதிவில் அந்தக் கார்டு எண் இருந்தது. ஏழாவது பேட்சில் இருந்த அதே எண். உள்ளே வந்த தேதி, ஆறு வருடங்களுக்கு முந்தையது. அக்காவோடு வேலை பார்த்த டெக்னீஷியனாம். இதேபோல் ஓர் அப்கிரேட் இரவு. அதே அறை. அவருக்கும் இதயம்தான். உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார்டைக் கடைசி வரை யாரும் கண்டெடுக்கவில்லை. அவர் வெளியே போனதாகப் பதிவும் இல்லை. அதன் பிறகு சோதனை ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கூடுதலாக எண்ணியது. அந்த ஒரு வரியை எழுதியது அக்கா.

அக்கா என்னைத் திட்டவில்லை. எட்டாவது நாள் என் மேசைக்கு வந்து நின்றார். ஒரு தாளில் கண்ணாடியின் கார்டு எண் எழுதியிருந்தது.

"நீயே எழுதிடு. என்னால இன்னொரு தடவை முடியாது."

எழுதினேன். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். எடுக்க வேண்டாம். அன்றே வேலையை விட்டேன். அந்த மருத்துவமனை அறிக்கை, சொன்னபடி காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொரு நாள் அந்த ஆபீசில் மறுபடி அப்கிரேட் வரும். யாரோ ஒருவன் அந்த வரியைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்பான்.

கண்ணாடியின் மனைவி பிறகு ஒருமுறை என்னிடம் கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாருண்ணா?" நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

பார்த்தேன்.

3:24. வராந்தா விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவன் கோடியில் நின்றான். தானாகச் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவு, அவன் கார்டை எடுக்கும் முன்பே திறந்திருந்தது. யாரோ உள்ளே போகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு நிற்பது போல… அகலமாக.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

என் காலடி கேட்டுத் திரும்பினான்.

"என்னடா, பாஸ்தானே?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

கதவு மெதுவாகச் சாத்தியது.

டக்.

பூட்டிக்கொண்டது.