கங்காணி தனியாகக் காய்ச்சிய கூழ்

பீடோர் பக்கம் நாங்கள் கித்தா மரத்தில் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் அந்த வருஷம் அம்மை வந்து, லயத்து வரிசை வீடுகளில் பாதியில் சாவு விழுந்தது. பெரிய கங்காணி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மேட்டில், தனிக் கிணற்றோடு இருந்த வீடு. அம்மை வராததைத் தம் பக்தியின் பலன் என்று சொல்லித் திரிந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர் பிடுங்கியது பெருமையை.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ். வீட்டுக்கு ஒரு பிடி நொய் போட்டு, ஒரே பானையில் காய்ச்சி, எல்லாரும் குடிப்போம். அந்த ஆடியில் கங்காணி கோயில் வாசலில் நின்று சட்டம் பேசினார்.

"சாவு விழுந்து வருஷம் திரும்பல. உங்க நொய்யி ஆகாது. என் வீட்டு அரிசி மட்டுந்தான். வந்து குடிச்சிட்டுப் போங்க."

நான் தலையாட்டினேன். நல்ல மரமாக வெட்டக் கொடுப்பவர் அவர்தானே. அந்தத் தலையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

பக்கத்து வீட்டு அக்கா தலையாட்டவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். பிழைத்த மூன்றாவதுக்காக, தன் கையால் நொய் போடுவதாக நேர்ந்திருந்தாள். போடாவிட்டால் அதுவும் போய்விடும் என்று பயம்.

"எம்புள்ளைங்கள எடுத்துக்கிட்டது இந்த ஆத்தாதானே, கங்காணியாரே? எடுக்கையில இல்லாத தீட்டு, நான் குடுக்கையில எங்கேருந்து வந்துச்சு?"

"பொம்பளப் பேச்சு கோயில்ல எடுபடாது."

பம்பை அடிக்கிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். அவரும் தாயைப் பறிகொடுத்தவர். "சரிங்க, நாங்க தீட்டு. பம்பைய நீங்களே அடிங்க, கரகத்தையும் நீங்களே தூக்குங்க. பாத்து ஆடுங்க, தொந்தி முன்னால போயிரும்."

லயமே சிரித்தது. சாவு விழுந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை கங்காணி கோயில் வாசலில் தனியாகக் காய்ச்சினார். ஆளை அதட்டிய கைக்கு அகப்பை பிடிக்கத் தெரியுமா? அடிப்பிடித்த நாற்றம் லயம் வரை வந்தது. நாங்கள் கோயிலுக்குப் பின்னால், கித்தா மரத்தடியில் மூன்று கல் வைத்தோம். பேசாமல் கிடந்த வீடுகளெல்லாம் பிடி நொய்யோடு வந்தன. முதல் பிடி அக்காவுடையது.

கூழ் இறங்கியதும் குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினாள். அது குடித்துவிட்டு இன்னும் கேட்டது. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ இரக்கப்பட்டு, கங்காணிக்கும் ஒரு சிரட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடித்தாரா, கொட்டினாரா? திரும்பிப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.