இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு டோக்கன்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கடலுக்கு அடியில் போனார். பயப்படாதீர்கள், திரும்பி வந்துவிட்டார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியத்தின் தம்பி துபாயிலிருந்து முக்குளிக்கிற கண்ணாடி ஒன்று கொண்டுவந்திருந்தான். மூக்கையும் சேர்த்து மூடும். மூச்சு விட வளைந்த குழாய் வேறு. ஒரு வாரம் அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஃபேக்டரி விட்டு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிடுவார்.

ஆவடியிலிருந்து பஸ் மாறி எண்ணூர் போனோம். கரையோரக் கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் அலை அடங்கி, இடுப்பளவுத் தண்ணீர் குளம்போல் கிடந்தது. இறங்கினார். ஒரு மணி நேரமாகியும் தலை நனையவில்லை. "தண்ணி கலங்கலா இருக்கு" என்றார். "கண்ணாடி டைட்டா இருக்கு" என்றார். எனக்குத் தெரியாதா? பயம்.

திடீரென்று கழுத்தைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

"டோக்கன்..."

ஆவடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு — நம்பர் அடித்த பித்தளை வில்லை. அது இல்லாமல் திங்கட்கிழமை ஃபேக்டரி கேட்டுக்குள் விடமாட்டார்கள். மெமோ, விசாரணை... இருபது வருஷ சர்வீஸில் முதல் கரும்புள்ளி. வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று லீவு நாளிலும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மனிதர்.

அடுத்த நொடி கண்ணாடியோடு தலை தண்ணீருக்குள். எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி மூழ்கினார். ஒரு சீப்பு வந்தது. பிறகு ஒற்றைச் செருப்பு.

வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, கடலையே காலி பண்ணிடுவ போல கீதே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கண் சிவந்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. கரையில் நின்றபடி முந்தானையால் என் முகத்தைத் துடைக்கப் போனேன். முனையில் ஏதோ முடிச்சு... அவிழ்த்தால், பஸ் சில்லறையோடு டோக்கன்! சட்டையைக் கழற்றும்போது "இதப் பிடி" என்று அவர்தான் தந்தார். அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையைத் தூக்கினார்.

"ஏய்... உள்ள மீனு இருக்குடி. கோடு கோடா. என்னப் பாத்து ஓடவே இல்ல."

குரலில் பயமே இல்லை. இந்த நேரத்தில் போய்ச் சொல்வதா? அவர் மறுபடி மூழ்கியதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, அவர் கைக்கு எதிரே டோக்கனை நழுவவிட்டேன்.

"கெடச்சிருச்சு!" என்று எழுந்தார் பாருங்கள், அந்த முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

கரையேறும்போது மீனவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "யக்கா, நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"சொல்லிடாதீங்கண்ணா" என்றேன்.

வேலைக்கு ஆபத்து என்றால் கடலையே கலக்குகிறார்கள் நம் ஆண்கள். சந்தோஷத்துக்காக மட்டும் தலையை நனைக்கச் சொன்னால் ஆயிரம் காரணம். உங்கள் வீட்டில் எப்படி?

குவார்ட்டர்ஸ் முழுக்க இதே பேச்சுதான். இடுப்பளவுத் தண்ணீர் நேற்று இரண்டாள் ஆழம் ஆகிவிட்டது. நல்லவேளை, பத்திரிகையில் இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை.

வருகிற ஞாயிறும் எண்ணூர்தானாம். டோக்கனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாராம்.