மூச்சுக்குழாயில் கட்டிய பாலித்தீன்

யாராவது பிளாஸ்டிக் பாட்டிலை வாயில் அழுத்தி வைத்துத் தண்ணீரை உறிஞ்சினால் பெரியப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பாட்டில் டொக்கென்று உள்வாங்கும் அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. சின்ன வயதில் அவரைச் சீண்டுவதற்கென்றே நாங்கள் அப்படிக் குடிப்போம். "அந்த மனுஷனை ஏன் பாடாப்படுத்துறீங்க?" என்று பெரியம்மா அதட்டுவாள்.

அவர் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தப் பெயின்டர். அங்கே சுத்திகரித்த தண்ணீரைச் சேர்த்துவைக்கும் எஃகுத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் வளைந்த குழாய் ஒன்று உண்டு, மூச்சுக்குழாய் என்பார்கள். தண்ணீர் வெளியேறும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைபட்டால் வெளிக்காற்றே தொட்டியை நசுக்கிவிடும். கல்லூரியில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதினேன். எங்கள் வீட்டுக் கதையைத்தான் எழுதுகிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது உள்ளே தூசி விழாமலிருக்கக் குழாயைப் பாலித்தீனால் கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர். சாயங்காலம் அவிழ்க்க ஏறிய பெரியப்பாவை, "நாளைக்கு இன்னொரு கோட் இருக்குல்ல, விட்டுட்டு இறங்குய்யா" என்று தடுத்தவரும் அவர்தான். காலையில் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓடியது. மிதிபட்ட டப்பா மாதிரி தொட்டி சப்பிப்போனது.

"அவிழ்க்கச் சொன்னேன் சார், இந்த ஆள் காதுலயே வாங்கலை" என்றார் சூப்பர்வைசர், விசாரணையில்.

பெரியப்பாவின் கேட் பாஸ் பறிபோனது. வருஷக்கணக்கில் வீட்டு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தார். பெரியம்மாவின் தம்பிகள் அவரை "டப்பா மச்சான்" என்றே கூப்பிட்டார்கள். அவரும் சிரிப்பார். பிறகு தனியாக, "ஒருநாள் அவன் என் கையில சிக்குவான்" என்பார்.

வேறொரு ஒப்பந்தக்காரர் மூலம் மறுபடி உள்ளே போனபோது சூப்பர்வைசர் மேனேஜராகியிருந்தார். பெரியப்பாவை அடையாளமே தெரியவில்லை. அதுதான் பெரியப்பாவை அதிகம் எரித்தது.

முதல் தொட்டி நசுங்கிய பிறகு, ஆபத்தில் தானாகத் திறந்து காற்றை விடும் வால்வு ஒன்றை எல்லாத் தொட்டியிலும் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு தொட்டியின் வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டால் மூடியிருந்தார்கள். அதே தொட்டியின் மூச்சுக்குழாயில் வேறு யாரோ கட்டிய பாலித்தீன் அவிழ்க்கப்படாமல் இருந்தது. பக்கத்துத் தொட்டிச் சாரத்தில் நின்ற பெரியப்பா அதைப் பார்த்தார்.

கீழே பம்ப் ஆபரேட்டர் ஒல்லி, பெரியப்பாவோடு தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர், கேட்டார்: "சார், மேல எல்லாம் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சு, பிரிச்சாச்சு. போடுய்யா!" மேனேஜர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியப்பா பிரஷ்ஷைப் பெயின்டில் தோய்த்தார்.

யாருக்கும் அடியில்லை, தொட்டி மட்டும் போனது. வேலை போய் வெளியே வந்த மேனேஜருக்காகப் பெரியப்பா கேட்டருகே காத்து நின்றார்.

"என்ன சார், அவிழ்க்கச் சொன்னீங்களா?"

மேனேஜர் அவர் முகத்தையே பார்த்தார். "நீயா?"

"நானேதான்."

அந்த "நீயா?"வை வீட்டில் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். பெரியம்மாவின் தம்பிகள் அதன் பிறகு "டப்பா" என்பதை விட்டுவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உள்ளே இனிக்கிறது. இனிக்கலாமா என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் சுவிட்சைப் போட்ட கை ஒல்லியுடையது. அவரையும் துரத்திவிட்டார்கள்.

பாலித்தீனைப் பார்த்ததைப் பெரியப்பா யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது என்னிடம் சொன்னார்: "பார்த்தேன்டி. ஒரு குரல் குடுத்திருக்கலாம். அவன் ஒழியட்டும்னு இருந்துட்டேன். ஒல்லிகிட்ட நானே சொல்லணும், வரச் சொல்லு."

ஒல்லி இப்போது கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார். தகவல் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் பெரியப்பா போய்விட்டார். ஒல்லி தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அன்னைக்கு அந்தப் பாலித்தீன் மட்டும் அண்ணன் கண்ணுல பட்டிருந்தா ஒரு சத்தம் போட்டு என்னைக் காப்பாத்தியிருப்பாரு, பாப்பா."